பிள்ளைக் காம்பராவின் சாவி

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், தோட்டத்தை நிர்வகிக்கும் துரை அவர்களுக்கும், தேயிலைக் கொழுந்து பறிக்கும் வேலையை விட்டு இந்த அஞ்சலிக் கூட்டத்துக்காகப் பதுளைக்கு வந்திருக்கும் எங்கள் தோட்டத்து மேல்கணக்குப் பிரிவு மக்களுக்கும் வணக்கம். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. எழுதி வந்ததைப் படிக்கிறேன்.

எழுத்தாளர் நிரஞ்சலா பொன்னையா! "நினைத்தால் மலையும் வழிவிடும்" என்று எழுதியவர். அந்தப் புத்தகத்தை விற்காத கடை நம் ஊவா மாகாணத்தில் உண்டா? கொழும்பில் உண்டா? எனக்கு முன்னால் பேசிய எல்லோரும் அந்த வரியைத்தான் சொன்னீர்கள். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து தனியாக உயர்ந்தார், மற்றவர்களுக்கு முயற்சி போதாது என்றீர்கள். நிரஞ்சலா அக்கா இருந்திருந்தால் இந்த ஒலிவாங்கியைப் பிடுங்கியிருப்பார்!

அந்த வரியை அவரே கைவிட்டார். ஏன் என்று யாராவது கேட்டீர்களா? எங்கள் தோட்டத்துக்கு அவர் பேச வந்த நாளில், கொழுந்துக் கூடையோடு நின்ற இராக்கம்மா பெரியம்மா கேட்டார்:

"ஏம்மா, நெனச்சா மலை வழிவிடுமா? நாங்களும் நெனச்சுக்கிட்டேதான் ஏறுறோம். ரத்தம் குடிக்கிற அட்டைகூட வழிவிட மாட்டேங்குதே!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். "அப்ப என்ன எழுதணும்? நீங்களே சொல்லுங்க பெரியம்மா."

"மொதல்ல எனக்குப் படிக்கச் சொல்லிக்குடு. அப்புறம் சொல்றேன்."

மறுவாரமே அக்கா வந்தார். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் சென்ற பழைய பிள்ளைக் காம்பரா பாழாய்க் கிடந்தது. அதை எங்களோடு சேர்ந்து கழுவினார். மலையிலிருந்து இறங்கிய பெண்களும், என்னைப் போல் பள்ளியை விட்டவர்களும் மாலையில் அங்கேதான் படித்தோம். "யாரும் தனியாக மலை ஏறியதில்லை" என்று கடைசிப் புத்தகத்தில் எழுதினார். அது விற்கவில்லை. அதனால்தானே இன்று ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை?

அக்கா இறந்ததும் அவர் படத்தை அந்த அறையில்தான் வைத்தோம். கருமாதி வரை அணையக்கூடாத விளக்கை அங்கேதான் ஏற்றினோம். நேற்று தோட்ட நிர்வாகம் பூட்டுப் போட்டது. எரிகிற விளக்கை உள்ளே வைத்துப் பூட்டியது! எல்ல ஊருக்குச் சுற்றுலா வரும் வெளிநாட்டுக்காரர்கள் தங்குவதற்கு அந்த இடத்தில் விடுதி கட்டப்போகிறார்களாம்.

"உத்தரவு புள்ள, நான் என்ன செய்ய?" என்றார் காவற்காரர்.

"சாவு வெளக்கப் பூட்டிட்டு ஒனக்குச் சோறு எறங்குமாடா?" என்றார் இராக்கம்மா பெரியம்மா.

துரை அவர்களே! அக்காவுக்குச் சிலை வைப்பதாகச் சற்று முன் சொன்னீர்கள். சிலை படிக்கச் சொல்லிக்கொடுக்குமா? சாவியைக் கொடுங்கள்!

கொடுக்காவிட்டாலும் வகுப்பு நிற்காது. பூட்டிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து படிப்போம். எழுத்துத் தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்போம். இது நிரஞ்சலா அக்காவுக்கு நாங்கள் கொடுக்கும் வாக்கு.

அடுத்தது மௌன அஞ்சலி என்கிறார்கள். மன்னியுங்கள், எங்களால் சும்மா நிற்க முடியாது. காலையில் ஜன்னல் வழியே பார்த்தேன், விளக்கில் எண்ணெய் அடியில் கிடந்தது. மேல்கணக்குக்காரர்களே, எழுந்திருங்கள், பஸ்சுக்குப் போவோம். துரை அவர்களே, நீங்களும் வாருங்கள். எண்ணெய் எங்களிடம் இருக்கிறது.