நடந்துகொண்டே கேட்டாள்

அவைக்கு அழகாக அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, நரம்பின் மொழி அறிந்த மருத்துவப் பெருமக்களே, தளர்ந்த கால்களைத் தாங்கும் இயன்முறை மருத்துவர்களே, வயதால் மூத்த பெரியோர்களே, பிள்ளைகளின் முதலடி கண்டு பூரித்த தாய்மார்களே, சக்கர நாற்காலிகளில் வந்து முன்வரிசையை முந்திப் பிடித்துக்கொண்ட என் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

நான் பேருந்து ஓட்டுநர். தொழிற்சங்க மேடைகளில் தொண்டை கிழியப் பேசியவன். இன்று என் குரல் தாழ்ந்தே ஒலிக்கும், பொறுத்தருளுங்கள். காரணம், அதோ, ஜன்னலோரம் அமர்ந்திருக்கும் என் மனைவி.

அவள் நில அளவையர். நான் உட்கார்ந்து சம்பாதிப்பவன். அவள் நடந்து சம்பாதிப்பவள். மேடு ஏறுவாள், பள்ளம் இறங்குவாள், நடந்தபடியே கணக்குப் போடுவாள். மாலையில் பணிமனை வாசலிலிருந்து வீடுவரை இருவரும் நடந்தே போவோம். எங்கள் குடித்தனமே அந்த நடையில்தான் நடந்தது. சண்டையும் அங்கே, சமாதானமும் அங்கே. எது அதிகம் என்று பின்னால் ஒருவர் கேட்கிறார். ஐயா, உங்கள் வீட்டில் எதுவோ அதுவேதான் எங்கள் வீட்டிலும்.

அப்போது அவளுக்கு வந்தது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். உடலைக் காக்க வேண்டிய காவலே நரம்பின் உறையை அரிக்கும் நோய். கால் கனத்தது, கண் மங்கியது. அதனினும் கொடுமை ஒன்று உண்டு. நடக்கும்போது நான் ஏதாவது கேட்டால் நின்றுவிடுவாள். பதில் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த அடி. நடந்தால் நினைவு நழுவும். நினைத்தால் நடை நிற்கும். ஒருநாள் சாலையைக் கடக்கையில், "சாவி எடுத்தியா?" என்று கேட்டுவிட்டேன். நடுச்சாலையில் நின்றுவிட்டாள். லாரிக்காரர் பிரேக்கை மிதித்ததால் பிழைத்தோம். அன்றுமுதல் தெருவில் நான் வாயே திறக்கவில்லை. பேருந்து நிறைய ஆளை ஏற்றி ஓட்டியவன் நான். அந்த மௌனத்தைச் சுமந்து ஒரு தெருவைத் தாண்ட முடியவில்லையே.

பிறகுதான் இந்த மறுவாழ்வு மையத்துக்கு வந்தோம். மெய்நிகர் பயிற்சி என்றார்கள். இடுப்பில் பட்டை கட்டி, நடைப்பயிற்சி எந்திரத்தில் ஏற்றி, கண்ணை மூடுவதுபோல் ஒரு பெரிய கண்ணாடியை மாட்டினார்கள். அதற்குள் படமாக ஒரு தெரு. குறுக்கே நாய், எதிரே சைக்கிள், காலடியில் பள்ளம். அத்தனையும் தாண்டி நடக்க வேண்டும். நடந்தபடியே, கடந்துபோன கதவு என்ன நிறம் என்று கேட்டால் சொல்லவும் வேண்டும். முதல்நாளே தலைசுற்றிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதாள்.

"பொய்த் தெருவுலகூட என்னால நடக்க முடியலயே."

எங்களைவிட இளையவரான இயன்முறை மருத்துவர் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, இந்தத் தெருவுல லாரி வராது. எவ்வளவு தப்பு பண்ணணுமோ அவ்வளவையும் இங்கயே பண்ணிட்டுப் போங்க."

பண்ணினாள் ஐயா. நாயை மிதித்தாள், சைக்கிளில் மோதினாள், பச்சைக் கதவைச் சிவப்பு என்றாள். மறுபடி ஏறினாள். மனம் சோர்ந்த நாளில் என்னைத் திட்டிவிட்டு ஏறினாள்.

நோய் போய்விட்டதா? போகவில்லை. ஊன்றுகோல் இருக்கிறது, அசதி இருக்கிறது. எல்லோருக்கும் இது பலிக்கும் என்று சொல்ல நான் மருத்துவனும் அல்லன்.

ஆனால் சென்ற மாதம் ஒரு மாலை. எங்கள் தெருமுனை. பக்கத்தில் வந்தவள் வெகு சாதாரணமாகக் கேட்டாள்: "ஏங்க, இன்னிக்கு யார்கிட்ட சண்டை? மூஞ்சி உம்முனு இருக்கே."

கேட்டாள்; நிற்கவில்லை. நடந்துகொண்டே கேட்டாள். நான்தான் நின்றுவிட்டேன். நாலடி தள்ளிப்போய்த் திரும்பிப் பார்த்து, "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள். என்ன ஆச்சென்று எப்படிச் சொல்வேன்? அந்த நாலடியை எட்டிப் பிடித்து அவளோடு நடந்தேன், தாய்மார்களே.

நடை என்பது கால் கடக்கும் தூரம் மட்டும்தானா? துணையோடு பேசிக்கொண்டே போகும் உரிமை அல்லவா அது? நான் இரக்கம் கேட்டு வரவில்லை. அஞ்சாமல் தவறுசெய்ய ஓர் அறை, விழுந்தாலும் அடிபடாத ஒரு தெரு, இவை ஊர்தோறும் வேண்டும் என்று கேட்க வந்தேன். குரல் கொடுங்கள், கை கொடுங்கள். உங்கள் வீட்டில் ஒருவர் பதில் சொல்ல நின்றால், நீங்களும் நில்லுங்கள்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பொறுமையாகக் கேட்ட உங்கள் செவிகளுக்கும், கலங்கிய கண்களுக்கும் நன்றி. இனி வீடுவரை நடக்க வேண்டும். இந்தப் பேச்சில் அவளுக்குக் குறைசொல்ல நிறைய இருக்கும். அத்தனையும் வழியெல்லாம் சொல்லட்டும். வணக்கம்.