முந்தி உட்கார்ந்த நகல்

எனக்குப் பாலில்லாத டீதான் ஒத்துக்கொள்ளும். அதற்காக உங்கள் கான்ஸ்டபிள் மறுபடியும் கடைக்கு நடந்ததில் எனக்கு வருத்தம்தான், சார்.

கேட்டதற்கு வருகிறேன். செங்கல்பட்டில் அந்தத் தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவன் நான். 2008-ல் புது சர்வர் வந்ததிலிருந்து, நோயாளிகளின் விவரங்களை இரவுதோறும் அதே சர்வரில் இருந்த வேறு டிஸ்க்குகளுக்கு நகலெடுப்பேன். நகலுக்கு ஒரு குணம் உண்டு. அசல் எந்த இடத்தில் திறக்கிறதோ அதே இடத்தைத் தானும் கேட்கும். சர்வரை நிறுத்தி மறுபடி போடும்போது எது முந்துகிறதோ அதுதான் உட்காரும். மற்றது வெளியே நிற்கும். அதனால் நகலெடுக்கும் கட்டளையில், 'நீ மவுண்ட் ஆகாதே', அதாவது அந்த இடத்தில் போய் உட்காராதே என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும். தவறாமல் சேர்த்தேன். அப்படியொரு வேலை நடப்பதே யாருக்கும் தெரியவில்லை.

நகலுக்குத் தனி சர்வர் வேண்டும் என்று கேட்டதற்கு மேனேஜர் கோதண்டராமன் எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"இன்னாபா, உன் பேக்கப்ப தொறந்து எவன் பாக்கப் போறான்? போயி பிரிண்டருக்கு இங்க் ஊத்து."

பார்க்கட்டும் என்று அன்றைக்கு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். மறுநாள் மாலை ஜெனரேட்டர் வேலைக்காக சர்வரை நிறுத்திப் போட்டார்கள். நகல் முந்திக்கொண்டது.

ரிசப்ஷனிலிருந்து சியாமளா ஓடிவந்தாள்.

"ஜான்சண்ணே, இன்னிக்கி ஏத்துனது ஒண்ணுகூட காணோம். இன்னா பேஜாரு இது?"

"உங்க மேனேஜரைக் கேளு."

"அவரு முழிச்சிகினு கீறாரு. நீ வந்து பாரேன்."

"அவரே வந்து கூப்புடட்டும்மா."

அவள் போனதும் அசலையும் நகலையும் திறந்து பார்த்தேன். கடப்பாக்கத்து மீனவர் சின்னையன், காலில் புண். முந்தின நாள் டாக்டர் எழுதிய ஊசி மருந்து நகலில் இருந்தது. காலையில் சோதித்துப் பார்த்து, அது அவருக்கு ஆகாது என்று சிவப்பில் குறித்தது அசலில் மட்டும்தான் இருந்தது. வார்டில் தெரிந்தது நகல்.

மாற்றி வைக்க ஒரு நிமிடம் போதும். நான் கோதண்டராமனுக்காகக் காத்திருந்தேன். ஷிஃப்ட் மாறி வந்த நர்ஸ் திரையைப் பார்த்து ஊசி போட்டாள். அவள்மேல் குற்றமில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சின்னையனின் உயிர் போன பிறகுதான் கோதண்டராமன் வந்தார். "எதனா பண்ணுபா" என்றார். பண்ணினேன். அன்றைய விவரமெல்லாம் திரும்பி வந்தது, அந்தச் சிவப்புக் குறிப்பும்தான்.

ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். கவனக்குறைவு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் கையில் இதுவரை ஒரு நோயாளியின் விவரம்கூடத் தொலைந்ததில்லை.