கை படாத சக்கரம்

உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற வெள்ளைக் காரின் சக்கரங்களை யாரோ பாத்ரூம் ஆசிட் ஊற்றிக் கழுவுகிறார்கள். நிறுத்தச் சொல்லுங்கள் சார். அலுமினியச் சக்கரத்துக்கு ஆசிட் ஆகவே ஆகாது. முதல் நாள் பளிச்சென்று இருக்கும், மூன்றாம் மாதம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். பிரேக் தூள் கறுப்பாக ஒட்டியிருந்தால் ஷாம்பூ கலந்த தண்ணீரும் பழைய பனியனும் போதும். சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது. மாதம் ஒரு முறை மெழுகு பாலிஷ். இவ்வளவு செய்தால் பூச்சு பத்து வருஷம் நிற்கும். எல்லாரிடமும் சொல்லிப் பார்த்துவிட்டேன், யாரும் செய்வதில்லை.

நடந்ததை எழுது என்று பேப்பர் கொடுத்தீர்கள். எழுதுகிறேன். என் பெயர் தயாளன். மேற்குத் தாம்பரம் முடிச்சூர் ரோட்டில் பதினோரு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். பழைய கார்ச் சக்கரங்களைச் சுரண்டி, தேய்த்து, பூச்சுப் போட்டுப் புதிதாக்கித் தருவது என் தொழில்.

அரிகிருஷ்ணன் அண்ணனை உங்களுக்குத் தெரியும். முடிச்சூரில் பழைய குடும்பம். நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு விற்றவர்களில் மற்றவர்கள் மாடி வீடு கட்டினார்கள், இவர் பழைய கார் வாங்கினார். கருநீல நிறம், வெளிநாட்டு வண்டி, முப்பது வயசு. அதன் நான்கு சக்கரங்களையும் முதல் முதலாக என் கடையில் இறக்கியபோது குப்பையில் கிடந்த ஈயச் சட்டி மாதிரி இருந்தன. அவருடைய டிரைவரும் ஆசிட் ஆள்தான். பத்தொன்பது நாள் வேலை. பழைய பெயின்ட்டை உரித்து, நான்கு வகை வாட்டர் பேப்பரில் தேய்த்து, பிரைமர், வெள்ளிப் பெயின்ட், மேலே பளபளப்புக்கு லேக்கர். ஒவ்வொரு சக்கரத்திலும் நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடும் ஐந்து ஆரம். ஆரங்களின் இடுக்கில் மெஷின் போகாது, விரலால்தான் தேய்க்க வேண்டும். என் வலதுகை ஆள்காட்டி விரலில் ரேகை இல்லை. நேற்று மை தடவி அழுத்தினீர்களே, பார்த்திருப்பீர்கள்.

2005-இல் நகரத்தில் பழைய கார் கண்காட்சி நடந்தது. கடைசியாக ஒரு முறை துடைத்து வைக்க என்னையும் அழைத்துப் போனார். நடுவர்கள் வந்தார்கள். ஒருவர் குனிந்து சக்கரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, யார் செய்த வேலை என்று கேட்டார். நான் துணியோடு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன்.

"ஒரிஜினல் சார். கம்பெனில இருந்து வந்தது அப்படியே கீது. ஒருத்தர் கையும் படல" என்றார் அரிகிருஷ்ணன் அண்ணன்.

முதல் பரிசு கொடுத்தார்கள். திரும்பி வரும்போது என் தோளைத் தட்டினார். "இன்னா தயாளா, மூஞ்சி தொங்கிப்போச்சு? வேலை பார்த்ததுன்னு சொன்னா மார்க்கை கொறச்சிடுவாங்கடா." நியாயம்தானே. நானும் சிரித்துவைத்தேன். அவர் வீட்டுக் கூடத்தில் அந்தப் போட்டோ மாட்டியிருக்கிறது. கார், கோப்பை, அண்ணன். ஓரத்தில் துணி பிடித்த ஒரு கை முழங்கை வரை இருக்கும். அது என்னுடையது.

எனக்கு அதில் வருத்தம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அது வேறு, இது வேறு.

அந்த வீட்டில் என் வேலையை வாய்விட்டுச் சொன்னவள் அவர் மகள் சந்திரிகா ஒருத்திதான். "அண்ணா, சக்கரத்துல என் மூஞ்சி தெரியுது" என்பாள். என் மகள் சரோஜினிக்கு ஆறு வயசு. சந்திரிகா கார் ஓட்டக் கற்றுக்கொண்ட நாட்களில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படப்பை வரை போய்வருவாள். என் மகள் காருக்குள்ளேயே ஐஸ்கிரீம் தின்பாள், காருக்குள்ளேயே தூங்குவாள், வீட்டு வாசலில் இறக்கினால் அழுவாள்.

போன ஆவணியில் சந்திரிகாவுக்குக் கல்யாணம் முடிவாயிற்று. மாப்பிள்ளை கூடுவாஞ்சேரி. மண்டபமும் அங்கேதான். பெண்ணழைப்புக்கு அந்தக் காரில்தான் போவது, தானே ஓட்டுவது என்று அண்ணன் முடிவு செய்து, கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால் சக்கரங்களை அனுப்பினார். பின்பக்கத்து இடது சக்கரம் ஏதோ பள்ளத்தில் விழுந்து விளிம்பு நசுங்கியிருந்தது.

நசுங்கிய சக்கரம் வந்தால் நான் ஒன்று செய்வேன். பின்பக்கம் மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, முன்பக்கம் சாக்பீஸ் தூளைப் பூசிவைப்பேன். உள்ளே விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து வந்து தூளில் கோடு போடும். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். இரண்டு ஆரங்களின் அடியில் கோடு விழுந்திருந்தது. சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன். நல்ல சக்கரம் கணீரென்று பேசும். இது தகர டப்பா மாதிரி சத்தம் கொடுத்தது.

அப்படிப்பட்ட சக்கரத்தைக் காயலான் கடைக்குத்தான் போட வேண்டும். இந்த ஊரில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், வேலையே வேண்டாம் என்று திருப்பியும் அனுப்பியிருக்கிறேன். அண்ணனுக்கும் போன் செய்தேன்.

"அண்ணா, சக்கரத்துல ஒண்ணு..."

"பளபளன்னு வருமா வராதா, அத்த மட்டும் சொல்லு. வீடியோக்காரன் வரான். உன் வேலை பெயின்ட் அடிக்கிறது. மத்த கதெல்லாம் கல்யாணத்துக்கு அப்பால பேசிக்கலாம்."

மூன்று முறை சொல்ல முயன்றேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். சரியாகச் சொன்னால் ஒரு முறை. அதிலும் பாதி வாக்கியம்.

என் வேலை பெயின்ட் அடிப்பது. அவரே சொல்லிவிட்டார். அதைச் செய்தேன். விரிசலில் அலுமினியத் தூள் கலந்த பசைப் பட்டியை அடைத்து, காயவைத்து, தேய்த்து, மறுபடி அடைத்துத் தேய்த்தேன். வழக்கமாக இரண்டு கை லேக்கர் அடிப்பேன், அதற்கு நான்கு கை அடித்தேன். ஐந்து நாள் ஆயிற்று. வெயிலில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எனக்கே கோடு எங்கே இருந்தது என்று தெரியவில்லை. நான் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான் சார். கோபத்தில் செய்கிறவனுக்குக் கை நடுங்கும். எனக்கு நடுங்கவில்லை.

மாட்டும்போது அதை முன்பக்கம் இடதுபுறம் மாட்டினேன். பின்பக்கத்துச் சக்கரத்தை ஏன் முன்னால் கொண்டுவந்தாய் என்று கேட்டீர்கள். நான்கில் அதுதான் அழகாக இருந்தது. பெண் ஏறுகிற பக்கம், வீடியோவில் விழுகிற பக்கம். முன்சக்கரத்துக்குத்தான் பாரமும் திருப்பமும் அதிகம் என்பது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பூ ஜோடித்த கார் கிளம்பியது. எங்களை எல்லாம் பின்னால் வேனில் ஏற்றினார்கள். பெருங்களத்தூர் தாண்டி, வண்டலூர் தாண்டி, ஊரப்பாக்கம் வருவதற்குள் அண்ணன் வேகம் எடுத்தார். ஒரு லாரியை முந்தத் திருப்பினார். கார் இடதுபக்கம் மண்டி போட்டு உட்கார்ந்தது. ஓரத்தில் நின்ற மணல் லாரிக்கு அடியில் பாதி போய்விட்டது. சந்திரிகாவும், அவள் மடியில் இருந்த ஐந்து வயசுப் பெண்ணும் அங்கேயே போய்விட்டார்கள். அந்தக் குழந்தை அண்ணனின் தங்கை தனத்தின் மகள். அண்ணனுக்கு நெற்றியில் இரண்டு தையல்.

சக்கரத்தின் ஒரு துண்டு எங்கள் வேனுக்கு முன்னால் உருண்டு வந்தது. இறங்கி எடுத்தேன். உடைந்த இடத்தைத் தவிர பூச்சு எங்கேயும் உரியவில்லை.

நான் ஏன் வந்தேன் என்பதையும் எழுதச் சொன்னீர்கள். மூன்றாம் நாள் துக்க வீட்டுக்கு உங்கள் எஸ்.ஐ. வந்தார். சக்கரத்தில் ஏதாவது ரிப்பேர் பார்த்தீர்களா என்று கேட்டார். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இல்ல சார். ஒரிஜினல். ஒருத்தர் கையும் படல."

பிள்ளையைப் பறிகொடுத்தவர் வாயில் அதுதான் வந்தது. விபத்து என்று எழுதி மூடப் போனீர்கள். பேசாமல் இருந்திருந்தால் நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். மறுநாள் காலை அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு நானே வந்தேன். மனசாட்சி உறுத்தி வந்தான் என்று நீங்கள் எழுதிக்கொண்டீர்கள், அப்படியே இருக்கட்டும். ஆனால் உடைந்த வாயை வெளிச்சத்தில் பாருங்கள். புதிதாக உடைந்த இடம் வெள்ளியாக இருக்கும், பழைய விரிசல் கறுத்திருக்கும். இரண்டுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு ஓடுகிறது. அது என் பட்டி. அந்தச் சக்கரத்தில் என் கைதான் பட்டிருக்கிறது, வேறு யார் கையும் இல்லை. கோர்ட்டில் அதைச் சரியாகச் சொல்லுங்கள்.

ஒரே கேள்வியை நீங்கள் நாலு முறை கேட்டுவிட்டீர்கள். உடையும் என்று தெரியுமா? தெரியாது சார். உடையலாம், உடையாமலும் போகலாம், அது அவர் ஓட்டுகிற லட்சணம். சந்திரிகா மேல் எனக்கு என்ன கோபம்? அண்ணன் ஒரு நாள் நடுரோட்டில் நின்று, ஐயோ தயாளன் சொல்ல வந்தானே என்று நினைக்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். யாரும் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

கல்யாண வீடியோவைப் போட்டுக் காட்டினீர்கள். பெண் ஏறும் காரில் குழந்தைகள் அடித்துப்பிடித்து ஏறுவது எல்லாக் கல்யாணத்திலும் நடப்பதுதான். சரோஜினி முதல் ஆளாக ஏறிச் சந்திரிகா மடியில் உட்கார்ந்திருந்தாள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவளைத் தூக்குகிறேன். "இருக்கட்டும் அண்ணா, என் மடியிலயே வரட்டும்" என்று சந்திரிகா சொல்வதும் கேட்கிறது. பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், நான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்கிறேன். மடி காலியாகப் போகக் கூடாது என்று யாரோ ஒரு அம்மாள் சொல்ல, பக்கத்தில் நின்ற தனத்தின் மகளைத் தூக்கி உள்ளே வைத்ததும் நான்தான். வீடியோவில் இருக்கிறது, மறைக்க என்ன இருக்கிறது.

இதை மட்டும் ஏன் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறீர்கள் என்று புரியவில்லை. சரோஜினிக்குக் கார் ஒத்துக்கொள்ளாது சார். வாந்தி எடுப்பாள்.