மூன்றாவது எச்சரிக்கை

எனக்கு மனப்பாடம் எளிதாக வரும். பத்து வயதில் பாறசாலையை அடுத்த எங்கள் மிஷன் சபையில் நூற்றுப் பத்தொன்பதாம் சங்கீதத்தை, நூற்று எழுபத்தாறு வசனமும் பிசகாமல் ஒப்பித்து ஓர் எவர்சில்வர் தூக்குவாளி வாங்கினேன். பொருள் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. அதற்குப் பரிசும் கிடையாது.

இதைத் தமிழில் எழுதுகிறேன், மேடம். மலையாளத்தில் எழுதினால் அறிக்கையாகிவிடும். அறிக்கையில் நான் நன்றாகப் பொய் சொல்வேன். விசாரணை அதிகாரியாகிய நீங்களே மூன்று மாதமாக அதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இயற்பியல் பட்டம் வாங்கிவிட்டுக் காவலர் வேலைக்கு வந்தேன். கூட்டத்தைக் கலைக்கும் விதிகளையும் சங்கீதம் போலவே படித்தேன். சட்டவிரோதக் கூட்டம் என்று அறிவிக்க வேண்டும். மக்களுக்குப் புரியும் மொழியில் எச்சரிக்க வேண்டும். கலைந்துபோக வழியும் அவகாசமும் தர வேண்டும். தடி இடுப்புக்குக் கீழேதான் படலாம். கண்ணீர்ப்புகைக் குண்டை ஆள்மேல் குறி வைக்கக் கூடாது. குழாயை உயர்த்திப் பிடித்து, குண்டு வளைந்து போய்க் கூட்டத்தின் ஓரத்தில் விழும்படி சுட வேண்டும். நாற்பத்தைந்து பாகையில் எறிந்த பொருள் எங்கே விழும் என்பதுதான் நான் கல்லூரியில் கற்றதில் பின்னால் உதவிய ஒரே பாடம். புதிதாக வரும் காவலர்களுக்கு நானே வகுப்பெடுப்பேன். ஸ்டேஷனில் என் பெயர் ஜிஜின் அல்ல, ‘வேதபாட சாறு’, அதாவது வேதபாட சார். கேலி என்று தெரிய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

குன்னத்துகால் பக்கம் ஒரு குவாரி உண்டு. வெடி வைக்கும்போது வீடுகளின் சுவரில் விரிசல் விழும். மாதம் ஒரு முறை ஊர்க்காரர்கள் சாலையில் உட்கார்ந்து டிப்பர் லாரிகளை மறிப்பார்கள். போராட்டக் குழுவுக்குச் செயலாளர் மோகனன். விடியும் முன் ரப்பர் வெட்டி முடித்துவிட்டு, முழங்கையில் பால் காய்ந்து ஒட்டிய கோலத்தோடு வருவார்.

அவர்களுக்கும் எங்களுக்கும் எழுதாத ஓர் ஏற்பாடு இருந்தது. நான் மெகாஃபோனில் மலையாளத்திலும் தமிழிலும் எச்சரிக்கை வாசிப்பேன். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் யாரும் அசையமாட்டார்கள். மூன்றாவது முடிந்ததும் மோகனன் கையைத் தூக்குவார். எல்லோரும் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, வரிசையாக எங்கள் பஸ்ஸில் ஏறிக் கைதாவார்கள். ஸ்டேஷனில் சாயா. சாயங்காலம் ஜாமீன். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. எச்சரிக்கைகளுக்கு நடுவே பத்துப் பத்து நிமிடம் விடுவேன்.

“எலே மக்கா, இன்னைக்குக் கொஞ்சம் பைய வாசி,” என்பார் மோகனன். “போன மட்டம் நீ ஓடி ஓடி வாசிச்சதுல சரசம்மைக்கு எந்திரிக்க நேரம் கிட்டல்ல.”

“விதிப்படிதான் வாசிப்பேன், அண்ணா.”

“உனக்க விதியும் அவளுக்க முட்டும் ஒரே போலயாக்கும். ரெண்டும் மடங்காது.”

சரசம்மை என்பவள் அவர் பக்கத்து வீட்டுக்காரி, எழுபது வயது. அவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன்.

போன ஜூலையில், மழை விட்டிருந்த ஒரு முற்பகல். இரண்டாவது எச்சரிக்கை முடிந்த நேரம். சட்டைப்பையில் என் போன் ஏழு முறை அதிர்ந்தது. கூட்டப் பணியில் போனை எடுக்கக் கூடாது. எடுக்கவில்லை. வீட்டிலிருந்து அழைத்தது என் மாமனார் ராஜையா என்று பிறகு பார்த்துக்கொண்டேன். கிராமத்துப் பக்கமிருந்து ஓர் ஆம்புலன்ஸ் வந்து பதினொரு நிமிடம் நின்றது. சாலையில் ஒரு கூட்டம் உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும். உள்ளே இருந்தது என் மனைவி ரெஜிலா. எட்டாவது மாதம், இரத்தப்போக்கு. பத்து நிமிடம் முன்னால் வந்திருக்கலாம் என்றார் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி டாக்டர். தாயையும் பிள்ளையையும் ஒரே பெட்டியில் வைத்தோம். ஐந்தரை அடிப் பெட்டி. இதை நான் மனப்பாடம் செய்யவில்லை. தானாக நிற்கிறது.

போராட்டக்காரர்கள் வழி மறித்ததில் கர்ப்பிணி சாவு என்று பத்திரிகையில் வந்தது. குழு மறுக்கவில்லை.

ஒன்பதாம் நாள் மோகனன் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு குலை ரசகதலிப் பழம். உட்கார்ந்தார், கொஞ்சம் பேசினார், போய்விட்டார். என்ன பேசினார் என்பதைப் பிறகு சொல்கிறேன். குலையைக் கிணற்றடியில் வைத்தேன். அது பழுத்து, கறுத்து, ஈ மொய்த்து முடியும்வரை தினமும் பார்த்தேன். அந்த நாட்களில்தான் தீர்மானித்தேன். கோபம் இருந்ததாக நினைவில்லை. பசிகூட ஒழுங்காக எடுத்தது.

பிப்ரவரி வரை காத்திருந்தேன். அதற்குள் ஆறு போராட்டம் நடந்தது. ஆறிலும் மூன்று எச்சரிக்கையும் வாசித்தேன். இடம் சரியாக அமையவில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரியில் அமைந்தது. நாற்பது பேர் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தண்ணீர் பாட்டில் கைமாறிக்கொண்டிருந்தது. முதலாவதை வாசித்தேன். பத்து நிமிடம் கழித்து இரண்டாவது. எங்கள் எஸ்.ஐ. உண்ணி சார் தாசில்தாரிடம் போனில் பேச ஜீப்புக்குப் போனார். கண்ணீர்ப்புகைத் துப்பாக்கி புதுக் காவலன் அனூஜிடம் இருந்தது. மெகாஃபோனை அவனிடம் கொடுத்துவிட்டு, சரிபார்க்க வேண்டும் என்று சொல்லித் துப்பாக்கியை வாங்கினேன். வேதபாட சாறு சரிபார்த்தால் யார் மறுப்பார்கள்.

ஏழாவது நிமிடம் மோகனன் எழுந்தார். சரசம்மைக்குக் கை கொடுக்க எப்போதும் மற்றவர்களுக்கு முன்னால் எழுவார். அதை நான் கணக்கில் வைத்திருந்தேன். மற்ற எல்லோரும் உட்கார்ந்திருக்க அவர் மட்டும் நிற்பது அந்த ஒரு நிமிடத்தில்தான். இருபத்தைந்து மீட்டர். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு, வசனத்தை விட்டுவிட்ட ஞாயிறுபள்ளிப் பிள்ளைக்கு எடுத்துக்கொடுப்பது போல மூன்று விரலைக் காட்டினார்.

“மூணாவது வாசிக்கல்ல மக்கா,” என்றார்.

குழாயைக் கிடையாகப் பிடித்துச் சுடுவதற்கு இயற்பியல் தேவையில்லை.

மார்பில் பட்டது. புகை அடங்கியதும் நானே ஓடிப்போய் முதலுதவி செய்தேன். அதுவும் விதியில் உண்டு. ஆஸ்பத்திரி சேரும்முன் மோகனன் இறந்தார். அவர் முழங்கையில் ரப்பர் பால் இருந்தது. என் கையில் கொஞ்சம் ஒட்டியது.

அனூஜ் மெகாஃபோனோடு ஓடி வந்தான். “சாறே, மூணாவது வாசிச்சீங்களா?”

“நீ கேக்கல்லியா?”

மெகாஃபோனைக் கீழே வைத்தான். “கேட்டேன் சாறே.”

மூன்று எச்சரிக்கை தரப்பட்டது, குழாய் நாற்பத்தைந்து பாகையில் இருந்தது, குண்டு டிப்பர் லாரியின் பக்கவாட்டில் பட்டுத் திரும்பியது என்று எழுதினேன். சுடச் சொன்னது தான்தான் என்று உண்ணி சார் கையெழுத்திட்டார். அந்நேரம் ஜீப்பில் இருந்ததாக ஒப்புக்கொள்வதைவிட அது அவருக்குப் பாதுகாப்பு. மற்றவர்கள் வழக்குக்குப் பயந்து ஒதுங்க, இரண்டுதான் வாசித்தான் என்று சரசம்மை மட்டும் சொன்னாள். அவளுக்குக் காது மந்தம் என்று எழுதினேன். அவளுக்கு மந்தம் முட்டில்தான். மாதிரி அறிக்கையாக அதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று மேலிடத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். தூக்குவாளிக்குப் பிறகு எனக்குக் கிடைத்த கௌரவம் இது.

இதுவரை படித்தால், மனைவிக்காகப் பழி வாங்கியவன் போலத் தெரிவேன். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அந்தத் தோற்றம் எனக்குப் பிடித்துமிருந்தது. ஆகவே ஜூலையை இன்னொரு முறை எழுதிவிடுகிறேன்.

ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டதும் கூட்டம் எழுந்து இரண்டாகப் பிரிந்துவிட்டது. யாரும் என் எச்சரிக்கைக்குக் காத்திருக்கவில்லை. வண்டி அவர்களைக் கடந்து வந்து எங்கள் இரும்புத் தடுப்பின் முன்னால் நின்றது. மோகனன் ஓடி வந்தார்.

“நாங்க மாறியாச்சு மக்கா. மூணாவதையும் இப்பமே வாசிச்சிட்டு அந்த வேலிய எடு. உள்ள ஆரோ பொம்பளப் பிள்ளையாக்கும்.”

தடுப்பைத் திறந்தால் கூட்டம் புகுந்துவிடும், ஆம்புலன்ஸையே தந்திரமாக வைத்து வரலாம் என்று வகுப்பில் சொல்வேன். எஸ்.ஐ. இல்லை. மற்ற காவலர்கள் என் மாணவர்கள். கடிகாரத்தைப் பார்த்தேன்.

“நேரம் ஆகட்டும், அண்ணா.”

எட்டிப் பார்த்திருக்கலாம். எட்டிப் பார்க்க விதியில் இல்லை. பத்து நிமிடம் முடிந்ததும், இரு ஓரமும் ஒதுங்கி நின்றவர்களுக்கு மூன்றாவது எச்சரிக்கையை இரு மொழியிலும் வாசித்தேன். அதற்கு ஒரு நிமிடம். பிறகு தடுப்பை எடுக்கச் சொன்னேன்.

ஒன்பதாம் நாள் அவர் பேசியது இதுதான். “ஆரு கேட்டாலும் நாங்க மறிச்சதுனாலன்னு சொல்லியாச்சு. குழுவுல உள்ளவங்களும் அப்படியே சொல்லுவாங்க. பெண்டாட்டியையும் பிள்ளையையும் பறிகொடுத்தவனுக்கு அந்தப் பழியும் எதுக்கு? நீ படிச்சதத் தானே மக்கா செய்தே.”

அவர் சொன்னதை அவர் இருக்கும்வரை நான் தினமும் காதுக்குள் கேட்க வேண்டியிருந்தது. அதை நிறுத்தத்தான் சுட்டேன். ரெஜிலாவுக்காக அல்ல.

நேற்று விதிப்புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எச்சரிக்கைகளுக்கு இடையே ‘போதிய அவகாசம்’ என்றுதான் அச்சிட்டிருக்கிறது. பத்து நிமிடம் என்பது ஓரத்தில் பென்சிலில் இருக்கிறது, என் கையெழுத்தில்.