மாடியில் இரண்டு குளியலறை

ஒரு வீட்டின் லட்சணம் அதன் குளியலறையில் தெரியும் என்பது என் கட்சி. நேற்று உங்கள் ஆட்கள் வந்தபோது மாடியில் இருக்கும் இரண்டையும் நானே திறந்து காட்டினேன். ஒரு காவலர் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு, "நல்லா கட்டியிருக்கீங்க சார்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குழாய் வேலை முழுக்க என் கைவேலை. அதனால் வேறு யாரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம், இன்ஸ்பெக்டர். நானே சொல்கிறேன்.

என் பெயர் மொரீஸ். பிரெஞ்சு ராணுவத்தில் கட்டுமானப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். முதலியார்பேட்டையில் எங்கள் தெருவுக்கே நான் 'முசே', பிரெஞ்சில் ஐயா. மனைவி எலிஸபெத். ஒரே மகள் அமாந்தின் பிரான்ஸில், லியோன் நகரத்தில் வேலை பார்க்கிறாள். அங்கேயே ஒலிவியே என்ற பையனை விரும்பினாள். போன அக்டோபரில் இங்கே எங்கள் மாதா கோவிலில் கல்யாணம் என்று முடிவானது. பையனைச் சேர்ந்தவர்கள் ஒரு பட்டாளமாக வந்து எங்கள் வீட்டிலேயே தங்குவதாக ஏற்பாடு. எங்களிடம் இருந்ததோ கீழே ஒரே ஒரு குளியலறை. சம்பந்தியம்மாள் கையில் துண்டுடன் வரிசையில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் சட்டத்தை மதிப்பவன். முதலில் அனுமதி கேட்டு நகராட்சி அலுவலகத்துக்குத்தான் போனேன். அங்கே மதிவாணன் என்று ஓர் இளம் பொறியாளர். தங்கமான பிள்ளை. மாடியில் அறை கட்ட ஓர் அனுமதி, கழிவுநீர் இணைப்பை மாற்ற இன்னொன்று என்று பொறுமையாக விளக்கினார். எங்கள் வீட்டுப் பழைய குழாய் இன்னும் இரண்டு கழிப்பறையைத் தாங்காது. பெரிய குழாய் போட வேண்டும், அதற்கு ரோட்டைத் தோண்ட வேண்டும், தோண்டுவதற்கு வேறு அலுவலகத்தில் கேட்க வேண்டும். மழைக்காலம் வருவதால் ஜனவரிக்கு முன்னால் ரோட்டில் கை வைக்க விடமாட்டார்கள்.

பின்கட்டில் பயன்படுத்தாத பழைய கிணறு ஒன்று இருக்கிறது, அதுவரைக்கும் அதில் விட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவர் ஒரு தாளை எடுத்து இரண்டு கிணறு வரைந்தார். நடுவில் அலை அலையாகக் கோடு போட்டார்.

"சார், இங்க கீழ எல்லாம் மணலு. உங்க கிணத்துல விடுறதும் பக்கத்து வீட்டுக் குடத்துல ஊத்துறதும் ஒண்ணுதான். குடிச்சா உயிருக்கே ஆபத்து. அத மட்டும் செஞ்சிடாதீங்க."

அனுமதி எதற்கு என்று இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. கைகுலுக்கிவிட்டு வந்தேன்.

எலிஸபெத்திடம் அனுமதி கிடைத்துவிட்டது என்றேன். அவள் மகிழ்ந்துபோய் கேக் செய்தாள். கொத்தனார் மாடியில் சுவர் எழுப்பினார். அவர் போன பிறகு குழாயை நானே இறக்கி, பின்கட்டு மண்ணுக்கடியில் கொண்டுபோய்க் கிணற்றில் சேர்த்தேன். மேலே சிமெண்ட் பலகை, அதன்மேல் குரோட்டன்ஸ் தொட்டிகள். பார்க்க அழகாக இருந்தது. அன்று மாலையே வீட்டுக்குக் கேன் தண்ணீர் போடச் சொன்னேன்.

பக்கத்து வீடு செல்வாம்பாள் அக்காவுடையது. பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கணவர் இல்லை. மகன் பிரேம்குமாரும் பேத்தி அபியும் கூட இருக்கிறார்கள். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும், அவர் கிணற்றில் மட்டும் இளநீர் மாதிரி இருக்கும். பிறந்த வீட்டுச் சீர் போல அதைப் பெருமையாகச் சொல்லுவார். எங்கள் இரண்டு கிணற்றுக்கும் நடுவில் ஒரு மதில்தான்.

கல்யாணம் பிரமாதம். ஒலிவியேவின் அம்மா புடவை கட்டிக்கொண்டு ஆடினார். மாடிக் குளியலறையைப் பற்றி அவர் என்னிடம் தனியாகவே பாராட்டிச் சொன்னார். செல்வாம்பாள் பச்சைப் பட்டுடுத்தி, பெரிய தூக்கில் எலுமிச்சை ஜூஸ் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். அவர் கிணற்றுத் தண்ணீர். சம்பந்திமார் கையில் அவர் தம்ளரைக் கொடுத்ததும் நான் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக வாங்கி வைத்துவிட்டேன். இவர்களுக்கு இனிப்பு ஒத்துக்கொள்ளாது என்று சொன்னேன். செல்வாம்பாள் கோபித்துக்கொள்ளவில்லை. அபிக்கு ஒரு தம்ளர் கொடுத்துத் தானும் ஒன்றைக் குடித்தார். விருந்து வீட்டில் அதைத் தடுப்பது நாகரிகமில்லை.

கல்யாணம் முடிந்ததும் கிணற்றை அடைத்துவிடுவதாகத்தான் இருந்தேன். ஆனால் சம்பந்திகளுக்குப் புதுச்சேரி பிடித்துப்போய், தங்குவதைக் கிறிஸ்மஸ் வரைக்கும் நீட்டித்துவிட்டார்கள். போகச் சொல்ல முடியுமா?

நவம்பரில் அபிக்கு வயிறு கெட்டது. இரண்டு நாள் ஆஸ்பத்திரி. நான்தான் என் காரில் அழைத்துப்போனேன். பிள்ளை தேறிவிட்டது. செல்வாம்பாள் அதோடு கிணற்றை விட்டுக் குழாய்த் தண்ணீருக்கு மாறிக்கொண்டார். ஒரு நாள் கழுவிக் காயவைத்த பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

"முசே, கிணத்துத் தண்ணி ஒரு மாதிரியா வாட வருது. உங்களுக்கு நாலு எடம் தெரியும். டெஸ்டு பண்ணிப் பாத்துச் சொல்றீங்களா? நீங்க சொன்னா நான் நம்புவேன்."

நம்பிக்கையோடு கேட்பவரைத் திருப்பி அனுப்பும் பழக்கம் எனக்கில்லை. பாட்டிலை வாங்கிக்கொண்டேன். அவர் கிணற்றில் இறைத்துக் கொடுத்திருந்ததைக் குரோட்டன்ஸுக்கு ஊற்றிவிட்டு, எங்கள் கேனில் இருந்து நிரப்பிப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். குடிக்க ஏற்ற தண்ணீர் என்று பதில் வந்தது. போய்ச் சொன்னேன். அந்த முகத்தில் வந்த மலர்ச்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் நாக்கே செத்துப்போச்சு முசே என்றார். என் கண்ணெதிரிலேயே வாளியை இறக்கி, ஒரு சொம்பு முகந்து நின்றபடி குடித்தார். நான் பக்கத்தில் நின்று, அபிக்கு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் காய்ச்சிக் கொடுங்கள் என்றேன். சின்னக் குழந்தை பாருங்கள்.

நாலாம் நாள் செல்வாம்பாளைக் கொண்டுபோனோம். அப்போதும் என் கார்தான். ஆரஞ்சு வாங்கிப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாந்தியும் பேதியும் நிற்கவில்லை, சிறுநீரகம் நின்றுவிட்டது. டாக்டர் எந்தத் தண்ணீர் குடித்தார் என்று கேட்டதற்கு, பரிசோதித்த நல்ல தண்ணீர் என்று பிரேம்குமார் சொன்னான். நானும் தலையாட்டினேன். மறுநாள் இறந்துவிட்டார். அடக்கத்துக்கு மாலை, பந்தல் எல்லாம் முன்னின்று பார்த்தது நான்தான். தெருவே சொல்லும்.

பிரேம்குமார் எங்கள் குரோட்டன்ஸ் தொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றதை ஒருநாள் கவனித்தேன். அவன் போய் மதிவாணனை அழைத்துவந்தான். அவர் ஏதோ சாயத்தை எங்கள் மாடிக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் விட்டார். சில நாளில் பக்கத்துக் கிணற்றில் அது வந்தது. நல்ல கிளிப்பச்சை. மதிவாணன் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நான் படம் போட்டுக் காமிச்சனே சார், புரியலையா?"

புரிந்தது என்றேன். பொய் சொல்ல எனக்குப் பிடிக்காது. உங்களிடமும் அதையேதான் சொல்கிறேன். கழிவு எங்கே போகும் என்று தெரியும். அதைக் குடித்தால் என்ன ஆகும் என்று தெரியும். பாட்டிலை மாற்றியது நான். அந்தத் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம் என்று சொன்னதும் நான். விருந்தாளிகள் இருக்கும்போது மாடியைப் பூட்ட எனக்கு மனம் வரவில்லை. எல்லாம் தெரிந்துதான் செய்தேன்.

இப்போது மழை ஓய்ந்துவிட்டது. புதுக் குழாய்க்கு முறைப்படி மனுக் கொடுத்திருக்கிறேன். இரண்டு வீட்டுக்கும் பொதுவான சந்து வழியாகப் போவதால் பக்கத்து வீட்டாரின் சம்மதம் வேண்டும் என்கிறார்கள். பிரேம்குமார் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறான். செல்வாம்பாள் அக்கா இருந்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. நான் கேட்டு அவர் எதையும் மறுத்ததே கிடையாது.