கம்பளி சுற்றிய லெப்டொப்

வட்டகொடையில் பனி இறங்கினால் டப்பாவுக்குள் இருக்கிற உப்புகூட நசநசத்துப்போகும், ஐயா. அதனால் குகநேசன் சார் தன் லெப்டொப்பைக் கம்பளியில் சுற்றி மரப்பெட்டிக்குள் வைத்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ரேடியோவுக்கும் கம்பளி உண்டு. மிஞ்சினால்தான் மனுசருக்கு.

சார் யாழ்ப்பாணத்துக்காரர், தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். 2005இல் வெளிநாட்டுச் சிநேகிதர் ஒருவர் கொடுத்த அந்த லெப்டொப்பில் லினக்ஸ் போட்டிருந்தது. மூடினால் உறங்கும், திறந்தால் எழும்பாது. விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே கிடக்கும். ஸ்டேஷன் ரோட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவன் நான் ஒருவன்தான். பேர் அழகன். முகம் பார்த்து வைத்த பேர் அல்ல.

ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். ஒரு செவ்வாய்க்கிழமை பிடிபட்டது: திரையை இயக்கும் மென்பொருள் உறங்கி எழுந்ததும் தன் வேலையை மறந்துவிடுகிறது. தொடக்கக் கட்டளையில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். இருபது தடவை மூடித் திறந்தேன். இருபது தடவையும் எழும்பியது.

மறுநாள் பெற்றோர் கூட்டம். தங்கச்சிக்காக அம்மா கொழுந்து மலையிலிருந்து நேரே போயிருந்தாள். சாரிடம் நல்ல சேதி சொல்ல நானும் போனேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"சார், எம்மவன் உங்க மிசினச் சரி பண்ணிருவானுங்களா?"

"அம்மா, கொழுந்து கிள்ளுற கையளுக்கு உது சரிவராது. அவனிலை பிழையில்லை, ரத்தம் அப்பிடி. கொழும்புக்குத்தான் அனுப்பவேணும்."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாத்தியார் சிரித்தால் நாங்களும் சிரிக்க வேண்டும், அதுதான் பழக்கம். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்று பின்னேரமே அந்த வரியை அழித்தேன். மூடினால் திரை மட்டும் அணையும்படி மாற்றி வைத்தேன். உள்ளே எல்லாம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். திறந்த உடனே வெளிச்சம் வந்ததைப் பார்த்து, "கெட்டிக்காரனடா நீ" என்று சார் முதுகில் தட்டினார். ஒரு நாள் பிந்திய தட்டு.

வெள்ளிக்கிழமை கடைக்கு வந்தார். "அழகன், மூடி வைச்சாலும் சூடாக் கிடக்கு, ஏன்?"

"தூங்குற பிள்ளைக்கு ஒடம்பு கதகதன்னுதான் சார் இருக்கும்."

சிரித்தார். என் பகிடிகள் அவருக்குப் பிடிக்கும்.

ஞாயிறு பகல் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறார். பெட்டி கட்டிலுக்கடியில். புகை கண்டு கதவை உடைத்தவர்களில் முதல் ஆள் நான். பெட்டியும் பாதிக் கட்டிலும் எரிந்திருந்தன. சாரைப் புகையே முடித்துவிட்டிருந்தது. முகத்தில் ஒரு காயமும் இல்லை. அவர் மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கியபோது அவருடைய பையைத் தூக்கி வந்தவனும் நான்தான். செத்த வீட்டில் எங்கள் அம்மாதான் எல்லாரையும்விட அதிகம் அழுதாள். அதற்கும் எனக்குக் கோபந்தான் வந்தது.

பொலிஸ் புத்தகத்தில் விபத்து என்று எழுதிவிட்டீர்களாம். சரிதான், ஐயா. நான் கெட்ட மனசுக்காரன் இல்லை. வெள்ளிக்கிழமை படியிறங்கும்போது சார் இருமினார், பாவமாக இருந்தது. திருப்பிக் கூப்பிட்டு, அம்மா மலைக்குக் கட்டிப்போகிற கம்பளியை எடுத்துக் கையில் கொடுத்தேன்.

"பனி ஜாஸ்தி சார். சார்ஜரைக் கழட்டாம, இதையும் சேத்து இறுக்கமாச் சுத்தி வைங்க."