வெட்டிவேர் போட்ட தண்ணீர்

வெட்டிவேர் போட்டுவிட்டால் எந்தத் தண்ணீரும் மணக்கும், ஐயா. இதை முதலாளி நமச்சிவாயத்தின் தண்ணீர்ப் பந்தலில்தான் கற்றுக்கொண்டேன். கருட சேவைக்கு வருகிற ஜனமெல்லாம் அங்கே தாகம் தீர்த்துக்கொண்டு அவரை வாழ்த்திவிட்டுப் போகும். நானும் வாழ்த்தியிருக்கிறேன். அவருடைய பட்டுச் சாயப் பட்டறையில் வேலை செய்கிற நாங்கள் எல்லோரும் அவர் பிள்ளைகள் என்று மேடையில் பேசுவார். தீபாவளிக்குப் புடவை தருவார். நான் குறை சொல்ல மாட்டேன்.

பட்டறைக் கழிவு எங்கள் தெருக் கிணற்றை ஒட்டித்தான் தேங்கும். எங்களுக்கு வேறு கிணறு கிடையாது. என் மகன் அர்ஜுனன் முதலில் சோறு வேண்டாம் என்றான். பிறகு கால் வீங்கியது. ஈறு கறுத்தது. கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுபோய் முதலாளி முன்னால் வைத்து, கழிவு போக ஒரு வாய்க்கால் வெட்டச் சொல்லிக் கெஞ்சினேன். செம்பைத் தூக்கிப் பார்த்தார்.

"கண்ணாடியாட்டம் இருக்குதே செல்லி, இதுல என்னாம்மா குத்தம்? பந்தல் வேலை தலைக்கு மேல கெடக்குது. அப்பால பாக்கலாம்மா."

குடித்துப் பார்க்கவில்லை.

ஆடியில் அர்ஜுனன் போய்விட்டான். முதலாளி வந்து கண் கலங்கினார். பட்டறைக்கு இனி வர வேண்டாம் என்று சொல்லி, தன் வீட்டிலேயே தண்ணீர் எடுக்கிற வேலை கொடுத்தார். அவர் பெரிய மனசை ஊரே பேசியது.

கோயில் பக்கத்துக் கிணற்றில் எடுக்கச் சொன்னார் வீட்டம்மா. நான் எங்கள் தெருக் கிணற்றில் எடுத்தேன். தூரம்தான், சலித்துக்கொள்ளவில்லை. செப்புக் குடத்தில் ஊற்றி, வெட்டிவேர் போட்டு, வெள்ளைத் துணி கட்டி வைத்தேன். வேறு எதையும் கலக்கவில்லை. அவர் குற்றமில்லை என்று சொன்ன தண்ணீரைத்தான் கொடுத்தேன்.

அவர் குடிக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவரோ பகலெல்லாம் கடையில் சோடாவும் கலருமாகக் குடித்தார். மற்றப் பெரியவர்களுக்கு வயிற்றுவலியோடு போயிற்று. ஆசையாகக் குடித்தவள் அவருடைய பேத்தி குழலி. விளையாடிவிட்டு ஓடிவந்து என் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள்.

"செல்லிம்மா, தாகமா இருக்குது. தண்ணி குடும்மா."

தையில் சோறு வேண்டாம் என்றாள். மாசியில் கால் வீங்கியது. டாக்டர் என்னென்னவோ சொன்னார். எனக்குத் தெரியும். அன்றைக்கே குடத்தைக் கவிழ்த்திருக்கலாம். அதற்குப் பதில் தினமும் அவள் வாயைத் திறந்து ஈறு கறுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கறுத்த அன்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதில் பொய் சொல்ல மாட்டேன்.

பங்குனியில் அவளை எடுத்துக்கொண்டு போனார்கள். முதலாளி தெருவில் உட்கார்ந்து அழுதார். காரியம் முடிந்த அன்று அதே செம்பில் தண்ணீர் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"உங்க வீட்டுக் கொடத்துத் தண்ணிதான், மொதலாளி. எங்க தெருக் கெணத்துல எடுத்தது."

அப்போதும் அவர் குடித்துப் பார்க்கவில்லை. உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பினார்.

என் கோபமெல்லாம் அவர் மேல்தான், ஐயா. குழந்தை மேல் துளிகூட இல்லை. தாகம் என்று வந்து நிற்கிற பிள்ளைக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.